எங்க ஊர்ச் சுண்ணாம்புக்கல்லும் எங்க பிள்ளைகளின் வேதியியலும்

அரியலூர் மாவட்டத்தில் சிமெண்டு ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு விழா நடக்கும். கம்பெனி பெயர் அச்சடித்த புத்தகப்பை, அதே பெயர் போட்ட தண்ணீர் பாட்டில், ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். மேடையில் ஆலையிலிருந்து வந்த ஒரு அலுவலர், ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர். பிள்ளைகள் வரிசையில் வந்து பையை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கணும். சரியாகப் பார்க்காத பிள்ளை இன்னொரு தடவை வந்து வாங்கணும். பை ஆறு மாசத்தில் கிழிந்துவிடும், முதலில் ஜிப்பு போகும். ஆனால் கம்பெனியின் ஆண்டறிக்கையில் அது ‘கல்வி’ என்ற தலைப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது கிழிவதே இல்லை.

பையைப் பற்றி எழுத எனக்கு ஆசை எதுவும் இல்லை. எழுத வைத்தது ஒரு கேள்வி. காலனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்துகிற படிப்பு வட்டத்துக்கு ஒரு பெண்பிள்ளை வருகிறாள். பதினொன்றாம் வகுப்பு, முதல் குரூப். செய்முறை நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அண்ணே, இந்தப் பிப்பெட்டு கண்ணாடியில இருக்குமா, பிளாஸ்டிக்கா?” என்று கேட்டாள். படம் அச்சு அசலாக இருந்தது. மேலே குறிப்புக் கோடு, நடுவில் குமிழ், கீழே கூர்முனை. பொருளைத்தான் அவள் பார்த்ததில்லை. அவள் பள்ளியில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அந்த அறையின் சாவியும் இருக்கிறது. வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. பொதுத்தேர்வுச் செய்முறைக்கு ஒரு வாரம் முன்னால் திறப்பார்கள், ஒரு நாள் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துச் செய்து காட்டுவார்கள், மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்கள்.

அவள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் கொஞ்ச நேரத்தில் ஆலையின் வாசல். அந்த வாசலுக்குள்ளே இருக்கிற தரக்கட்டுப்பாட்டுச் சோதனைக்கூடத்தில் மூன்று ஷிப்டும் விளக்கு எரிகிறது. பிப்பெட்டு, பியூரெட்டு, உலை, எக்ஸ்-கதிர் அடித்து ஒரு பிடி மாவில் கால்சியம் எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று நிமிஷத்தில் சொல்லிவிடுகிற இயந்திரம் எல்லாமே உண்டு. இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் என் கட்டுரை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். எங்கப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். சுரங்கத்தை எங்க பக்கம் மைன்ஸ் என்றுதான் சொல்வோம். பத்தாவதில் அறிவியலில் எனக்கு நல்ல மார்க்கு. முதல் குரூப் கேட்டுப் போய் நின்றேன். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே உட்கார்ந்திருந்தவர் என் சாதிச் சான்றிதழைத்தான் முதலில் பார்த்தார், மார்க் லிஸ்ட்டைப் பிறகு பார்த்தார். “உனக்கு எதுக்குப்பா கெமிஸ்ட்ரி? டியூஷன் வைக்கணும், செலவு பிடிக்கும், ஒங்க அப்பனால முடியாது. மூணாவது குரூப்ல சேந்துக்க, சுலபமா பாஸ் பண்ணிடலாம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கரிசனமாகத்தான் சொன்னார். எங்களில் எத்தனை பேர் இந்தக் கரிசனத்தில் செத்திருக்கிறோம் என்று கணக்கெடுத்தால் தெரியும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். கல்லூரியிலும் அப்படியே. ஆய்வுக்கூடக் கட்டணம் இல்லாத படிப்பு, சீட்டு மிச்சமிருந்த படிப்பு தமிழ். எங்க தலைமுறையில் தமிழ் இலக்கியம், வரலாறு, பொருளாதாரம் என்று படித்த தலித் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இந்தக் கதைதான் வேறு வேறு ஊர்ப் பெயரில் இருக்கும். தமிழ் எனக்குப் பேச வாய் கொடுத்தது. அதில் குறையில்லை. ஆனால் எது வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்க மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடல். கிரிடேசியஸ் காலத்துக் கடல் அது. டைனோசர்கள் நடமாடிய காலம். அந்தக் கடலில் வாழ்ந்து செத்த சிப்பிகளும் நத்தைகளும் அம்மோனைட்டுகளும் அடியில் படிந்து இறுகித்தான் இன்றைக்குச் சுண்ணாம்புக்கல்லாக இருக்கிறது. 1862இலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக அறிக்கை எழுதிவிட்டார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் கண்டறிந்து சொன்னது. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்று அரசு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து எங்க ஓடைகளில் குனிந்து பொறுக்குகிறார்கள்.

நாங்கள் சின்னப் பிள்ளையில் இந்தக் கற்களை வைத்துத்தான் விளையாடினோம். சுருள் சுருளாக இருப்பது நத்தைக்கல். ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற இடத்தில் கால் தடுக்கும். எங்க ஆயா ஒரு பெரிய சிப்பிக்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தாள். அதன் வயசு ஆறேழு கோடி வருஷம் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் புதைபடிவம் என்று ஒரு பாடம் வரும், அதில் வேறு எந்த நாட்டிலோ எடுத்த படம் இருக்கும். வாத்தியார் அதை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே அதே பொருள் குவியலாகக் கிடக்கும்.

அந்தக் கல்தான் ஆலைக்குப் போகிறது. களிமண்ணோடு சேர்த்து அரைத்து, சுழலும் சூளையில் கிட்டத்தட்ட 1450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. ஜிப்சம் சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்டதும் கொத்தனார் கையிலேயே இறுகிப்போகும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் மோல் கணக்கு என்று பிள்ளைகளை அழ வைக்கிறார்களே, அதன் கணக்கு முழுசும் எங்க ஊர்ப் புகைபோக்கியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் எந்தக் கல் ‘நல்ல கல்’, எதில் மண் அதிகம் என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வார். அது சரியாகவும் இருக்கும். அவருக்குக் கிடைத்தது தினக்கூலி. அதையே இயந்திரத்தில் போட்டுப் பார்த்துச் சொன்னவருக்கு மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பிள்ளைக்குக் கம்பெனிப் பள்ளிக்கூடம். உடம்பு எங்களிடமிருந்தும் அறிவு வெளியிலிருந்தும் வரும் என்பது ஆலை கண்டுபிடித்த ஏற்பாடு கிடையாது. ஊரும் சேரியும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஏற்பாடு. ஆலை அதற்கு மேல் கான்கிரீட் போட்டது.

அம்பேத்கர் இதை ரொம்ப முன்னாலேயே பார்த்தவர். 1942இல் வைசிராய் லின்லித்கோவிடம் அவர் கொடுத்த கோரிக்கை மனுவில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் தாழ்த்தப்பட்டோருக்குப் பெரிதாக உதவாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்படிப்புதான் வேண்டும், அது செலவு பிடிக்கிற படிப்பு, அதனால் அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று வாதாடினார். இத்தனைக்கும் அவரே சட்டம் படித்தவர், பொருளாதாரம் படித்தவர். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியதற்குப் பின்னால் அந்த வாதாட்டம் இருந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவரையே படிக்க வைத்தது ஒரு செல்வந்தரின் பணம்தான். பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவியில் 1913இல் கொலம்பியா போனார். திரும்பி வந்து பத்து வருஷம் பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் வேலைக்குப் போனார். ஆபீசில் பியூன் ஃபைலைக் கையில் கொடுக்காமல் வீசினான். தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். படிக்கப் பணம் கொடுத்தவரால் இருக்க இடம் கொடுக்க முடியவில்லை. ‘ஸ்காலர்ஷிப் கொடுத்துவிட்டோம்’ என்று கம்பெனிக்காரர்கள் கைகழுவும்போதெல்லாம் எனக்கு அந்தப் பார்சி விடுதிதான் ஞாபகம் வரும்.

இப்போது பணத்துக்கு வருவோம். இவர்கள் கொடுப்பது தர்மம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நம்ம ஆட்களே, “பாவம், அவனாவது ஏதோ குடுக்கிறானே” என்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு என்ன சொல்கிறது? குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தான் இயங்குகிற பகுதிக்கும் சுற்று வட்டாரத்துக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. இது ஒன்று. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டுகிற உரிமத்தொகைக்கு மேல் ஒரு பங்கை, பழைய குத்தகை என்றால் 30 சதவீதம் வரை, ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம், இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குடிநீர், மருத்துவம், கல்வி என்று செலவிடுவதற்கான பணம் அது. தர்மம் என்ற சொல்லுக்கு இதில் எங்கே இடம்?

பணம் வருவதும் தெரிகிறது. எங்கே இறங்குகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. ஊராட்சித் தலைவரைக் கேட்டு, ஊர்ப் பெரியவரைக் கேட்டுத் திட்டம் போடுகிறார்கள். சுத்திகரித்த குடிநீர் எந்திரம் ஊருக்குள் நிற்கும். நூலகம் கோயில் பக்கத்தில் வரும். எங்க பிள்ளைகள் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதே சில இடங்களில் இன்னும் சண்டை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. எந்தக் கம்பெனி தன் முதல் ஆய்வுக்கூடத்தை அங்கே கட்டியது என்று எனக்கு ஒருத்தராவது காட்டட்டும். எங்க பக்கத்தில் ‘ஸ்மார்ட் கிளாஸ்’ கொடுத்தார்கள். பெரிய திரை, புரொஜக்டர், திறப்பு விழாக் கல்வெட்டு. பல்பு போன பிறகு மாற்ற ஆளில்லை. கல்வெட்டு நன்றாக இருக்கிறது.

இன்னொரு சிக்கல், இதை அதிகம் பேர் பேசுவதில்லை. 2021இல் திருத்திய விதிப்படி இந்தப் பொறுப்புத் திட்டங்களில் ‘தொடர் திட்டம்’ என்றால் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுக்குள் முடிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கைபிடித்தால் பி.எஸ்சி. முடிக்க ஏழு வருஷம் ஆகும், எம்.எஸ்சி.க்கு இன்னும் இரண்டு. கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு நாலு வருஷம்தான் ஆயுள். முடிந்ததும் புதுத் திட்டமாக எழுதி நீட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மேலாளர் மாறுகிறார், புது மேலாளருக்கு மரம் நடுவது பிடிக்கிறது. பிள்ளை பிளஸ்-டூவில் நிற்கிறது.

அனிதாவை நினைக்காமல் இந்த மாவட்டத்தில் அறிவியல் கல்வியைப் பற்றி எழுத முடியாது. செந்துறை வட்டம் குழுமூர். பிளஸ்-டூவில் 1200க்கு 1176. நீட்டில் 86. உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டு 2017 செப்டம்பர் 1ஆம் தேதி போய்விட்டாள். சுமை தூக்குகிற தொழிலாளியின் மகள். அவள் சாவுக்குப் பிறகு ஆளாளுக்கு இலவச நீட் பயிற்சி என்று இறங்கினார்கள், கம்பெனிகளும் இறங்கின. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது, அது சிலரையாவது உள்ளே கொண்டுபோனது. பயிற்சியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வித்தாளுக்குப் பதில் போடப் பழக்குவது வேறு, ஒரு பிள்ளை கல்லை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற அறிவியல் வேறு. முதலாவதற்கு வெற்றி பெற்றவர் படம் கிடைக்கும், ஃபிளெக்ஸ் அடிக்கலாம். இரண்டாவதற்கு ஃபிளெக்ஸ் கிடையாது.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டடம் வேண்டாம், ஆள் கொடுங்கள். பக்கத்திலுள்ள ஐந்தாறு அரசுப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு ஆய்வக உதவியாளர், வருஷா வருஷம் அமிலமும் உப்பும் உடைந்த கண்ணாடிக்கு மாற்றும். ஆசிரியரைப் போடுவது அரசின் கடமை, அதை நாங்கள் அரசிடம் சண்டை போட்டு வாங்குவோம். உங்கள் தரக்கட்டுப்பாட்டுச் சோதனைக்கூடத்தை மாசத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். மைன்ஸில் கிடைக்கிற நல்ல படிவங்களை மிக்ஸரில் போடுவதற்கு முன்னால் ஒரு ஓரமாக எடுத்து வையுங்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். எங்க பிள்ளை தன் ஊர்க் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நிலவியல் படிக்கட்டும்.

உதவித்தொகை கொடுத்தால் ஃபீஸ் மட்டும் கட்டாதீர்கள். எங்க பிள்ளைகள் ஃபீஸால் நிற்பதைவிட மற்றதால்தான் அதிகம் நிற்கிறார்கள். ஹாஸ்டல் முன்பணம், மெஸ் பில், மாசக் கடைசியில் பஸ்ஸுக்கு, ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டுக்கு, கம்ப்யூட்டருக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வாரக் கூலிக்கு. எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்த ஒரு தம்பி இரண்டாவது செமஸ்டரில் திரும்பி வந்து டிப்பர் லாரியில் கிளீனராகப் போனான். அவனுக்கு ஃபீஸ் கட்டியாகியிருந்தது.

படித்த பிறகு? 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். எங்க ஊர் ஐ.டி.ஐ. பையன்களும் பி.எஸ்சி. பெண்பிள்ளைகளும் அதில் எத்தனை பேர் என்று பட்டியல் ஒட்டுங்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சு எழுந்தபோது, 2006இல் தொழிலதிபர் சங்கங்கள், சட்டம் வேண்டாம், நாங்களாகவே செய்கிறோம் என்றார்கள். அடுத்த வருஷமே, 2007இல், சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். அறிவியல் படித்து முடித்தாலும் வாசலில் ஒரு சல்லடை இருக்கிறது. சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பை கொடுத்தால் என்ன அர்த்தம்?

தோழர்கள் சிலர் என்மேல் கோபப்படுகிறார்கள். மூலதனத்திடம் போய் ஆய்வுக்கூடம் கேட்பதா, அது நிலத்தைத் தின்று நீரைத் தின்று புழுதியைத் துப்புகிறதே, அதன் முகத்துக்கு நீ பவுடர் போடுகிறாயா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அந்தப் பவுடர் எப்படிப் போடப்படுகிறது என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். சுரங்கத்தை விரிவுபடுத்த வேண்டும் என்றால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அப்படியொரு கூட்டத்தில் எங்க காலனிக் கிழவி ஒருத்தி எழுந்து, கிணற்றில் தண்ணி இறங்கிப்போச்சு, வெடி வைக்கிறப்போ சுவரு விரியுது என்று பேசினாள். கம்பெனி ஆள் ஒருவர் சிரித்துக்கொண்டே, “பாட்டி, போன வருசம் ஒங்க பேரனுக்குப் பை குடுத்தோமே” என்றார். கிழவி ஒரு நிமிஷம் நின்றாள். “பைய வேணா திருப்பித் தரேன் சாமி. நீ மொதல்ல தோண்டுன பள்ளத்த மூடிக் குடு” என்றாள். பந்தலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்தக் கிழவியின் பதில்தான் தோழர்களுக்கும் என் பதில். வாங்குவதற்காக வாயை மூட முடியாது, வாய் பேசுவதற்காக வாங்காமலும் இருக்க முடியாது. பள்ளத்துக்குக் கணக்குத் தனி, பிள்ளைகளின் படிப்புக்குக் கணக்குத் தனி. புரட்சி வரும் வரைக்கும் எங்க பெண்பிள்ளை பிப்பெட்டைப் படமாகவே வரைந்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல எந்தத் தோழருக்கும் உரிமை இல்லை. சொல்கிறவர்களின் பிள்ளைகள் எந்தக் குரூப் படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆலையிலேயே வேதியியலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இப்போது எங்க ஞாயிறு வகுப்புக்கு வருகிறார். எங்க சாதி இல்லை. முதல் நாள் காலனிக்கு வந்தவர் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். அதைப் பக்கத்துவீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். நத்தைக்கல் துண்டு ஒன்றைப் பொடி செய்து, தன் பையிலிருந்து எடுத்த நீர்த்த அமிலத்தைச் சொட்டு விட்டார். நுரைத்துக்கொண்டு வந்தது. “இது என்ன காத்து?” என்று கேட்டார். பிள்ளைகள் முழித்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் அதைக் குழாய் வழியாக விட்டார், பால் மாதிரி வெளுத்தது. ஆறேழு கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு நத்தை கடலிலிருந்து எடுத்து ஓட்டுக்குள் வைத்துக்கொண்ட கரி, இப்போதுதான் வெளியே வருகிறது என்றார். பிள்ளைகள் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. இதற்கு ஆன செலவை அவரிடம் கேட்டேன். ஐம்பது ரூபாய்க்குள்தான் இருக்கும் என்றார். அடுத்த வாரம் கண்ணாடிப் பிப்பெட்டு ஒன்றும் பியூரெட்டு ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண்பிள்ளை பிப்பெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “படத்துல குமிழு இதவிடப் பெருசா வரைஞ்சிட்டேன்” என்றாள்.

நாங்கள் கேட்பதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி ஆலைக்கு ஒன்றும், கனிம அறக்கட்டளைக்குப் பொறுப்பான ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்றும் கொடுத்திருக்கிறோம். பயனாளிகள் பட்டியலை ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையில் போடக் கூடாது, காலனியில் கூட்டம் போட்டுப் படிக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்தோம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசியவர் வீட்டுப் பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டு என்று எழுத்தில் தர வேண்டும் என்பது இரண்டாவது. ஆட்சியர் அலுவலகத்தில் ரசீது கொடுத்தார்கள். ஆலையில் வாசல் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார், ரசீது இல்லை. அவரும் எங்க காலனிதான், காண்ட்ராக்ட். “உள்ள குடுத்துட்டேன் தம்பி, எடுத்துப் படிச்சாங்களான்னு தெரியல” என்கிறார். வர்ற திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். இந்தத் தடவை பிள்ளைகளும் வருகிறார்கள்.